கொசுறு

பித்தான் கடை அண்ணனிடம் ஒரு டஜன் கேட்டால், டஜனை எண்ணிப் பொட்டலத்தில் போட்ட பிறகு அவர் கை இன்னொரு முறை ஜாடிக்குள் போகும். விரல்களில் சிக்கி வருவது எதுவோ அது கொசுறு. கேட்டாலும் உண்டு, கேட்காவிட்டாலும் உண்டு. விலையில் மட்டும் இம்மி இறங்க மாட்டார். தொண்டை வறளப் பேரம் பேசித் தோற்ற வாடிக்கையாளர் பையைத் தூக்கும் நேரத்தில் கொசுறு விழும். தோற்றவர் ஜெயித்த முகத்தோடு படியிறங்குவார்.

"விலையில விட்டுக்கொடுத்தா ஏமாந்துட்டோம்னு அர்த்தம். கொசுறுல விட்டுக்கொடுத்தா பெரிய மனுஷன்னு அர்த்தம்" என்பார். எங்கள் தெருவின் பொருளாதாரமே அவ்வளவுதான்.

அவருக்கு எதிர்க்கடை என்னுடையது. குடை விற்கிறேன், கம்பி முறிந்தால் மாற்றியும் தருகிறேன். வானம் கறுத்தால் ஊரே முகம் சுளிக்கும், நான் மட்டும் தலைவாரிக்கொள்வேன். தெருவில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'குடை' என்றால் திரும்பிப் பார்ப்பேன்.

அண்ணன் கடையின் பின்பக்கம், முக்காலியில், அண்ணி இருப்பார். வெள்ளை அட்டைகளில் பித்தான்களை வரிசையாகத் தைத்துக்கொண்டே இருப்பது அவர் வேலை. யாராவது ஒரு பித்தான் அறுந்த கோட்டைக் கொண்டுவந்து நீட்டினால், மிச்சமிருப்பதை ஒரு தடவை பார்ப்பார். எழுந்துபோய், கூரை வரை அடுக்கிய ஜாடிகளில் சரியான ஜாடியைத் தொடுவார். "அவரு கண்ணாடி போட்டுத் தேடுவாரு, நான் விரல்ல பார்ப்பேன்" என்று சிரிப்பார். அவர் தலைக்கு மேலே அண்ணன் கைப்பட எழுதிய பலகை தொங்கும். 'விற்ற சரக்கு திரும்ப வாங்கப்படாது.' அதில் ஒரு எழுத்துக் கோணல். கோணலைத் திருத்தச் சொன்னால், "சட்டத்துல கை வைக்கக் கூடாது" என்பார் அண்ணன்.

அண்ணிக்குப் பசி போனதுதான் முதலில் தெரிந்தது. ரொட்டியில் பாதியைப் பிய்த்து அண்ணன் தட்டில் வைப்பார். பிறகு முக்கால்வாசியை. பிறகு தட்டே வேண்டாம் என்றார். கடைசியில் இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். பரிசோதனை முடிவு வந்த அன்று, தூறலில் நனைந்துகொண்டே தெருவைத் தாண்டி என் கடைக்கு ஓடிவந்தார் அண்ணன்.

"குடை, ஒரு நல்ல சேதி. போன வருஷம் பூட்டுக்காரர் மகனுக்குக் காய்ச்சல்ல பிளேட்லெட் இறங்கிப்போச்சுன்னு தெருவே பதறினோமே, ஞாபகம் இருக்கா? இவளுக்கு இருக்க வேண்டியதுக்கு ரெண்டு மடங்கு இருக்காம்! கட்டி இருக்கு, சரி. ஆனா உள்ள சரக்கு கையிருப்பு பிரமாதம்."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதிகம் என்றால் நல்லது என்று நம்பிப் பிழைக்கிற தெரு இது.

மறுநாள் டாக்டரம்மாவைப் பார்க்க அண்ணன், அண்ணியோடு நானும் போனேன். அண்ணனுக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துப் பல வருஷமாகிறது. படியேறினால் நின்று நின்றுதான் வருவார். தினம் காலையில் இளஞ்சிவப்பில் ஒரு மாத்திரை. சட்டைப் பித்தான் அளவுதான். ரத்தம் உறையாமல் இருக்க. அதைக் குப்பியிலிருந்து எடுத்துத் தேநீரோடு நீட்டுவது அண்ணியின் பழக்கம்.

டாக்டரம்மா சின்ன வயசு. ஆனால் அவசரப்படாமல் பேசினார்.

"பிளேட்லெட் அதிகமா இருக்கறது இங்க நல்ல அறிகுறி இல்லைங்க. அடிபட்டா ரத்தத்தை அடைக்கத்தான் அதுங்க இருக்கு. கட்டி என்ன பண்ணும்னா, 'எனக்கு ஆள் வேணும்'னு உடம்புக்கு ஆர்டர் குடுக்கும். உடம்பும் அப்பாவியா செஞ்சு அனுப்பும்."

"யார் ஆர்டர் குடுத்தாலும் அனுப்பிடுமா? விசாரிக்காதா?" என்றார் அண்ணன். வியாபாரியாக அவருக்கு அது பொறுக்கவில்லை.

"விசாரிக்காது. அப்புறம் கட்டியில இருந்து சில செல் உதிர்ந்து ரத்தத்துல போகும். தனியா போனா நம்ம காவல் அணுக்கள் பிடிச்சிடும். இந்த பிளேட்லெட்டுங்க அதைச் சுத்தி ஒட்டிக்கிட்டு மறைச்சிடும்."

"பிக்பாக்கெட்காரனைச் சந்தைக் கூட்டம் மறைக்கற மாதிரி."

"அதேதான். மறைக்கறதோட நிக்காது. வேற இடத்துல அவன் இறங்கறப்போ கையப் பிடிச்சு இறக்கிவிட்டு, தங்க இடம் பார்த்துக் குடுத்து, சாப்பாடும் போடும்."

"நம்ம சாப்பாடு" என்றார் அண்ணி மெதுவாக. அறைக்குள் வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது.

அண்ணன் நாற்காலி நுனிக்கு வந்தார். "அப்ப கூட்டத்தைக் கலைச்சிட்டா?"

"அதைப் பத்தித்தான் நிறையப் பேர் ஆராய்ச்சி பண்றாங்க. ரத்தத்தை இளக்கற மாத்திரை குடுத்தா பரவறது குறையுமான்னு. சிலதுல குறையற மாதிரி தெரியுது, சிலதுல ஒண்ணும் தெரியல. ஆனா இவங்களுக்கு அது கூடவே கூடாது. கட்டிக்கு ஊசி மருந்து ஆரம்பிச்சதும் பிளேட்லெட் தானா இறங்கும். அதோட இளக்கற மாத்திரையும் சேர்ந்தா கசியற ரத்தம் நிக்காது."

விலை சொல்லும்போது விரிகிற காது, நிபந்தனை சொல்லும்போது மூடிக்கொள்ளும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அந்தக் காதுதான். அன்று அண்ணன் எதுவரை கேட்டுக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஊசி மருந்து ஏற்றும் கூடம் நீளமாக இருக்கும். வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு கம்பி, கம்பியில் ஒரு பை. மருந்து ஏறின பிறகு அண்ணிக்குக் குளிர்ந்த எதையும் தொட முடியவில்லை. கத்தரிக்கோலை எடுத்தால் விரல் சுரீர் என்றது. "கத்தரி என்னைக் கடிக்குது தம்பி" என்பார். நீலக் கம்பளியில், இரண்டு பக்கமும் பை வைத்து, முன்பு அவரே பின்னின ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கைகளைப் பைக்குள் விட்டபடியே உட்கார்ந்திருப்பார். விரல் நுனிகள் மரத்துப்போயின. ஜாடிகளைத் தொட்டுப் பித்தான் கண்டுபிடித்த விரல்கள். இப்போது ஊசியில் கோத்த பித்தான் நழுவித் தரையில் உருளும். அண்ணன் குனிந்து பொறுக்கி மறுபடி கையில் வைப்பார்.

கடைக்கு மேல் மாடியில்தான் வீடு. காலையில் பால் கொண்டுபோய்க் கொடுப்பது நான் என்று ஏற்பாடு. அண்ணன் தேநீர் போடுவார், அதாவது வெந்நீரைப் பழுப்பாக்குவார். அண்ணியின் மாத்திரைகளை ஒரு ஜாடி மூடியில் போட்டுக் கொண்டுவருவார்.

"இதென்ன புதுசா ஒண்ணு?" என்று ஒரு காலையில் அண்ணி கேட்டார்.

"சத்து மாத்திரை. டாக்டர் குடுத்ததுக்கு மேல நான் போடற கொசுறு."

"எனக்குமா கொசுறு? நான் வாடிக்கையா, வீட்டுக்காரியா?"

"பழைய வாடிக்கை. கடனுக்கு வாங்கியே காலம் தள்ளினவ."

அண்ணி சிரித்தார். அண்ணன் தண்ணீர் எடுக்கத் திரும்பினார். எனக்கு இருவரையும் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது, மூடியில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. எனக்கு வியாபாரம் நடந்தது. ஒருநாள் மாலை, கடை வாசலில் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே அண்ணன் சொன்னார். "என் மாத்திரைக் குப்பி தீரவே மாட்டேங்குது குடை. மருந்துக் கடைக்காரன் கூடப் போட்டுட்டான் போல. அவனும் நம்ம ஜாதிதான், கொசுறு ஜாதி."

ஊசி மருந்து சில முறை ஏறியபின், அண்ணியின் முழங்கையில் நீலமாகக் கன்றிய தடம் தெரிந்தது. எங்கே இடித்தது என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு தொடையில், தோளில். பல் துலக்கினால் ஈறு கசிந்தது. ஒரு மத்தியானம் பித்தான் தைத்துக்கொண்டிருக்கும்போது மூக்கிலிருந்து சொட்டி, வெள்ளை அட்டை சிவந்தது. அண்ணி அட்டையைத்தான் முதலில் நகர்த்தினார். "முத்துப் பித்தான், கறை பட்டா போகாது."

ஆஸ்பத்திரியில் பிளேட்லெட் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது என்றார்கள். ஊசி மருந்தைத் தள்ளிவைத்தார்கள். பிளேட்லெட் கொடுக்க ஆள் வேண்டும் என்றதும் தெருவே வரிசையில் நின்றது. கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குள் போகும், வேண்டியதை மட்டும் பிரித்துக்கொண்டு மிச்சம் நம் உடம்புக்கே திரும்பி வரும். "இந்த மிஷின் நம்ம தெருவுல கடை போட்டிருந்தா ஒரே நாள்ல திவால். மிச்சத்தைத் திருப்பித் தருதே!" என்று பேசிக்கொண்டே வந்த பூட்டுக்காரர், ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தார். மயக்கம் தெளிந்து, தான் மயங்கவில்லை, செருப்பு வழுக்கிவிட்டது என்று சாதித்தார். கட்டிலில் இருந்த அண்ணிக்கு இதைச் சொன்னபோது, ஈறு கசிய, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பை வந்தது. நான் சிவப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். காய்ந்த வைக்கோல் நிறம். அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, இதுங்கதான் எதிரியோட ஆளுன்னு அன்னிக்குச் சொன்னீங்க. இப்ப பை பையா நீங்களே ஏத்தறீங்களே."

"ஏத்தலன்னா மூளையில ரத்தம் கசிஞ்சா நிறுத்த முடியாதுங்க. கூடினாலும் நோய்க்கு லாபம், குறைஞ்சாலும் அதுக்குத்தான் லாபம். இதுல நடுவுல நடக்கறதுதான் எங்க வேலை."

"அப்ப நஷ்டம் எப்பவும் நம்ம பக்கம்தானா?"

டாக்டரம்மா அண்ணியின் போர்வையைச் சரிசெய்தார்.

ஏற்றிய பிளேட்லெட் நிற்கவில்லை. அடுத்த பையும் நிற்கவில்லை. டாக்டரம்மா அண்ணியின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர்கள் நின்றுகொண்டு பேசினால் பயமில்லை என்பதை நான் அதற்குள் கற்றிருந்தேன்.

"நோய் எலும்பு மஜ்ஜைக்குள்ள போயிருக்கும்னு நினைக்கறேன். பிளேட்லெட் உற்பத்தி ஆகறதே அங்கதான். இந்த நிலைமையில ஊசி மருந்து குடுத்தா அதுவே ஆபத்து. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வலி இல்லாம, கசிவு இல்லாம பார்த்துக்க என்னென்ன உண்டோ செய்வோம்."

அண்ணன் எழுந்து நின்றார். முகம் பேப்பர் மாதிரி இருந்தது. ஆனால் குரல், கடையில் கேட்கிற அதே குரல்.

"அது மஜ்ஜை இல்லைங்க. நான்தான்."

"என்ன சொல்றீங்க?"

"என் மாத்திரை. ரத்தத்தை இளக்கற மாத்திரை. தினம் ஒண்ணு அவளுக்கும் குடுத்தேன். சத்து மாத்திரைன்னு பொய் சொல்லிக் குடுத்தேன். கூட்டத்தைக் கலைச்சிடலாம்னு. நீங்க கேட்டப்பவும் வேற மருந்து எதுவும் இல்லைன்னுதான் சொன்னேன். அதாலதான் கசியுது. அதை நிறுத்திட்டா சரியாயிடும்ல? ஊசி போடலாம்ல?"

டாக்டரம்மாவுக்கு வந்த கோபம் கழுத்துவரை சிவந்து தெரிந்தது. அதை விழுங்க அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"கசிவுக்கு அது காரணமா இருக்கலாம். பிளேட்லெட் இருந்தாலும் வேலை செய்ய விடாது. எண்ணிக்கையைக் குறைக்கறது ரொம்ப அபூர்வம். இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன். நிறுத்துங்க. பழசு போய்ப் புதுசு வர ஒரு வாரம் கிட்ட ஆகும். அப்புறம் ரத்தம் பார்ப்போம். ஏறியிருந்தா திரும்ப யோசிக்கலாம்."

அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். ஒரு கை ஸ்வெட்டர் பைக்குள் இருந்தது.

அண்ணியை வீட்டுக்குக் கூட்டிவந்த அந்த வாரம் அண்ணன் இருந்த இருப்பை எப்படிச் சொல்வது? குற்றவாளி தலைகுனிந்து நடப்பான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் தலைநிமிர்ந்து நடந்தார். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் தன் குற்றத்தைச் சொன்னார். "மடப்பய வேலை பண்ணிட்டேன். நல்லவேளை, டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன். ஒரு வாரம்தான்." எலும்பு சூப் வைத்தார், வடிகட்டி, ஊதி ஊதி ஆறவைத்து ஊட்டினார். சீட்டி அடித்தார். மழை நின்று வெயில் அடித்த ஒரு நாளில், தெருவில் கயிறு கட்டி அண்ணியின் போர்வைகளையெல்லாம் காயப்போட்டார்.

அன்று பகலில் பால் பாத்திரம் எடுக்க மாடிக்குப் போனேன். அண்ணி விழித்திருந்தார். உதட்டில் காய்ந்த ரத்தம். கீழே அண்ணன் யாரிடமோ பேரம் பேசும் சத்தம் கேட்டது.

"கதவைச் சாத்திட்டு இங்க வா தம்பி. ஒண்ணு சொல்றேன், மனசுக்குள்ளயே வெச்சுக்கணும்."

"என்ன அண்ணி?"

"அந்த மாத்திரையில நான் ஒண்ணைக்கூட முழுங்கலை."

நான் பால் பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"மூடியில விழறப்பவே தெரிஞ்சுபோச்சு. இத்தனை வருஷமா அவருக்கு அதை எடுத்து நீட்டினவ நான்தானே? டாக்டரம்மா கூடாதுன்னு சொன்னதையும் நான் முழுசாக் கேட்டேன். அவரு தண்ணி எடுக்கத் திரும்பறப்ப ஸ்வெட்டர் பைக்குள்ள போட்டுக்குவேன். அவரு கடைக்கு இறங்கினதும் திரும்பக் குப்பியில போட்டுடுவேன். அவருக்கு வேணுமே."

"வேண்டாம்னு நேராச் சொல்லியிருக்கலாமே அண்ணி."

"கொசுறு வேண்டாம்னு சொல்லி அவருகிட்ட யாராவது தப்பிச்சிருக்காங்களா? அதுவுமில்லாம, காலையில அந்த மூடியைக் கொண்டு வர்றப்ப அவரு முகத்தைப் பார்க்கணுமே. எதிரியை ஏமாத்திட்டு வந்தவன் மாதிரி வருவாரு."

"அன்னிக்கு டாக்டர் முன்னாடியாவது..."

"சொல்ல வாயெடுத்தேன். அவரு மூஞ்சியைப் பார்த்தேன். தப்பை ஒத்துக்கற மூஞ்சியா அது? ஏலம் முடியப்போறப்ப கையத் தூக்கினவன் மூஞ்சி." அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டார். "சொன்னா நம்பிக்கை போயிடும். சொல்லாட்டி பழி நின்னுடும். நான் போனப்புறமும் நிக்கும். ரெண்டுல எது கனம்னு தினம் தூக்கித் தூக்கிப் பார்க்கறேன் தம்பி. விரல் மரத்துப்போச்சா, எடை தெரிய மாட்டேங்குது."

கீழே யாரோ தோற்றுவிட்டார்கள். ஜாடி மூடி திறக்கும் சத்தம், கொசுறு விழும் சத்தம்.

"இந்த வாரம் முடியட்டும்" என்றார் அண்ணி. "அதுவரைக்கும் அவரு வெச்சுக்கட்டும்."

வாரம் முடிந்து ரத்தம் பார்த்தார்கள். ஏறவில்லை. இன்னும் இறங்கியிருந்தது. டாக்டரம்மா தன் சந்தேகத்தைச் சந்தேகம் இல்லாமல் சொன்னார். அண்ணியை நானும் அண்ணனுமாக நாற்காலியில் வைத்து மாடிக்குத் தூக்கினோம். இதய நோயாளி, நீங்கள் தூக்காதீர்கள் என்று நான் சொன்னதை அண்ணன் கேட்கவில்லை. கட்டிலில் படுக்கவைத்த பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்தார்.

"கொன்னுட்டேன். நான்தான் கொன்னுட்டேன். டாக்டர் கூடாதுன்னு சொன்னாங்க. அதிகப் பிரசங்கி நான், கொசுறு போட்டேன்."

"ஏங்க" என்றார் அண்ணி.

"சமாதானம் பேசாதே. நீ என்னைத் திட்டு."

"திட்டறேன். முதல்ல உங்க குப்பியைக் கொண்டு வாங்க."

அவர் அசையவில்லை. நான் அலமாரியிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"தட்டுல கொட்டிப் பாருங்க."

கொட்டினார். மாத்திரைகள் உருண்டு நின்றன. பித்தான் ஜாடியை வெளியிலிருந்து பார்த்தே உள்ளே எவ்வளவு என்று சொல்லும் ஆள். தட்டைப் பார்த்தார். இரண்டு பேருக்கு எடுத்த குப்பியில் இவ்வளவு மிச்சம் இருக்கக் கூடாது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதன்மேல் ஒரு நீலக் கம்பளி இழை ஒட்டியிருந்தது. இன்னொன்றை எடுத்தார். அதிலும் இழை. பிறகு அண்ணியின் ஸ்வெட்டரைப் பார்த்தார்.

"விற்ற சரக்கு திரும்ப வாங்கறதில்லைன்னு பலகை மாட்டி வெச்சிருக்கீங்க" என்றார் அண்ணி. "தினமும் வாங்கிட்டுத்தான் இருந்தீங்க."

அவர் மாத்திரையைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட. உங்களால ஒண்ணும் ஆகல. தெரிஞ்சுக்கோங்க. நாளைக்கு யாராவது கேட்டாலும் சொல்லுங்க."

"அப்ப இந்த ஒரு வாரம்?"

அண்ணி கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். ஈறில் மறுபடி கசிந்தது.

"கொசுறு."

பழி இறங்கினால் மனுஷன் மூச்சுவிடுவான் என்று நினைத்திருந்தேன். அண்ணன் அப்போதுதான் அழுதார். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, மாத்திரை சிந்தாமல் பிடித்துக்கொண்டு அழுதார். "தப்பு என்னோடதா இருந்திருந்தா ஏதாவது பண்ணியிருப்பேனேடி. பண்ண ஒண்ணுமே இல்லாமப் பண்ணிட்டியே." அண்ணியின் கை கட்டிலிலிருந்து இறங்கி அவர் தலைமேல் கிடந்தது. நான் பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மழைக்காலம் முடிவதற்குள் அண்ணி போய்விட்டார். தூக்கத்திலேயே. தெருவில் எல்லாக் கடையும் அடைத்திருந்தது. வெயில் வெள்ளையாக அடித்தது. அன்றும் என் கடை ஓரமாக ஒருவர் வந்து நின்று குடை விலை கேட்டார். கேட்ட விலைக்கே கொடுத்தனுப்பினேன்.

பித்தான் கடை திறக்கக் கொஞ்ச நாளானது. முக்காலியில் இப்போது நீல ஸ்வெட்டர் மடித்து வைத்திருக்கிறது. காலையில் தேநீர் போட்டு, குப்பியிலிருந்து ஒன்றை எடுத்து, இழை இருந்தால் இழையோடு முழுங்குவார் அண்ணன். ஊதித் தள்ளலாமே என்று நான் சொன்னதில்லை.

சென்ற வாரம் ஒரு பெண் ஒரு பொட்டலத்தோடு படியேறினாள். பித்தான் கடைப் பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள்.

"அப்பா கோட்டுக்கு வாங்கினேங்க. இப்ப தேவைப்படல. பிரிக்கக்கூட இல்ல. திருப்பி எடுத்துப்பீங்களா?"

நான் குடைக்கம்பியை வளைப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தேன். பலகை மாட்டிய நாளிலிருந்து அதற்கு எதிராக யாரும் ஜெயித்ததில்லை. அண்ணன் ஏன் என்று கேட்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, பித்தான்களை உரிய ஜாடியில் கொட்டினார். காசை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அவள் நன்றி சொல்லிப் பையைத் தோளில் போட்டாள்.

அப்போது அவர் கை மறுபடி ஜாடிக்குள் போனது. விரல்களில் சிக்கி வந்ததை அவள் உள்ளங்கையில் போட்டார்.

"ஐயா, நான் திருப்பித்தானே குடுத்தேன்? இது எதுக்கு?"

"திருப்பிக் குடுத்தாலும் உண்டும்மா" என்றார் அண்ணன்.